கம்பியில் வந்த மண்சட்டி

தேயிலைக் கொழுந்து நடந்து வந்த காலத்தில் நான் பிறந்தேன். அது பறந்து வந்த காலத்தில் வேலை செய்தேன். இப்போது அது லாரியில் உட்கார்ந்து வருகிறது. நானும் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறேன்.

லாரி ஓட்டுகிற காதர் பதுளைக் கடைவீதிக்காரன். போன மாதம், கம்பியை இறக்குவதற்கு ஆள் வந்து தூண்களை அளந்துகொண்டிருந்தபோது, ஸ்டோர் வாசலில் லாரியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான். தேயிலை ஆலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம்.

"அண்ணே, இந்த ஒத்தைக் கம்பியிலயா சாக்கு வரும்?"

"ஆமாப்பா."

"அவ்வளவு உசரத்துல இருந்தா? பிரேக்கு எங்க?"

"உன் முன்னால நிக்குதே, அதுதான்."

அவன் சிரித்தான். இலை இறக்க நின்றவர்களும் சிரித்தார்கள். "எழுதி வச்சிருங்கண்ணே" என்றான் காதர். "நாளைக்கு நான் சொன்னா ஊருல எவன் நம்புவான்? கொழுந்து ஆகாசத்துல வந்துச்சுன்னு சொன்னா என்னைத்தான் ஒரு மாதிரி பாப்பானுங்க."

எழுதுகிறேன். காதர் கேட்டது கம்பியைப் பற்றி. என்னிடம் சொல்ல இருப்பது ஒரு மண்சட்டியைப் பற்றி. ஒன்றை இழுத்தால் மற்றது கூடவே வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலையின் இடுப்பில் இருக்கிறது. ஸ்டோர், துரை பங்களா, மருந்துக்கூடம், எங்கள் வரிசை வீடுகளான லயங்கள் எல்லாம் கீழே. இதைக் கீழ்க்கணக்கு என்போம். மலையின் தோளில், மேகம் வந்து உட்காரும் இடத்தில், மேற்கணக்கு. அங்கே நான்கு லயம், ஒரு சிறிய மாரியம்மன் கோயில், கண்ணுக்கு எட்டாத அளவு தேயிலை. இரண்டுக்கும் நடுவே பாம்பு போல வளைந்து வளைந்து இறங்கும் ஒரு பாதை. ஏற இரண்டு மணி நேரம். சுமையோடு இறங்க அதைவிடக் கொஞ்சம் கூட.

என் அப்பா அந்தப் பாதையில் கொழுந்து சுமந்தார். தலையில் சாக்கு, நெற்றியில் வியர்வையும் இலைச்சாறும் கலந்து ஒழுகும். கொழுந்து உயிருள்ளது. பறித்த பிறகும் மூச்சுவிடும். சாக்குக்குள் அடைத்தால் சூடேறும். சூடேறினால் சிவக்கும். சிவந்த கொழுந்தில் நல்ல தேயிலை வராது. ஆகவே அப்பா ஓட வேண்டும். வளைவுகளில் ஓடி ஓடி அவருடைய இரண்டு முழங்கால்களும் நாற்பது வயதில் நின்றுபோயின. நான் பதுளையில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் படித்துவிட்டுத் திரும்பியபோது, அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எழுந்து நிற்கத் தோளைக் கொடு என்றார். என் படிப்பு அத்தோடு முடிந்தது.

எனக்குப் பதினெட்டு வயதில் கம்பி வந்தது. பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் வந்து, கடைசியில் முப்பது ஆட்கள் தோளில் மலைப்பாம்பைத் தூக்குவது போலத் தூக்கிப் போனார்கள். மேற்கணக்கில் ஒரு பாறையில் தூண். கீழே ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு தூண். நடுவில் ஓடையும் மரமும் பள்ளமும் இருக்க, அதற்கு மேலே காற்றில் ஒரு கோடு. சாக்கை ஒரு சக்கரக் கொக்கியில் மாட்டிக் கம்பியில் விட்டால், இரண்டு வெற்றிலை மடிக்கிற நேரத்தில் கீழே வந்துவிடும். அப்பா அதைப் பார்க்க ஆசைப்பட்டார். தூக்கி வந்து உட்கார வைத்தேன். முதல் சாக்கு உறுமிக்கொண்டு வந்து நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் முழங்கால்களைத் தடவிக்கொண்டார்.

மூன்று மாதம் பழகினேன். அதற்குமேல் பழக்க ஆளும் இல்லை. எல்லோருக்குமே அது புதிது. கீழ்முனை என்னுடையது. மேல்முனை வேலாயுதத்துடையது. வேலாயுதம் அப்போது எனக்கு யாரோ. இரண்டு வருடத்தில் என் தங்கை செல்லாயியைக் கட்டிக்கொண்டு மச்சானாகிவிட்டான்.

வேலை இப்படி. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மேலே பறிக்கப் போகிறவர்கள் ஆளுக்கு நாலைந்து கொக்கிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு போவார்கள். கம்பியில் எதுவும் கீழிருந்து மேலே போகாது. இறங்க மட்டும்தான் அதற்குத் தெரியும். மேலே சாக்குக் கட்டியதும் வேலாயுதம் ஓர் இரும்புத் தடியால் கம்பியில் ஒரு தட்டுத் தட்டுவான். அனுப்பலாமா என்று அர்த்தம். நான் ஒரு தட்டுத் தட்டினால் அனுப்பு. இரண்டு தட்டினால் அனுப்பாதே. சாக்கு பத்திரமாக வந்து சேர்ந்ததும் மூன்று தட்டு. வந்தது.

எங்கள் மலையில் பாதி நாள் மேகம். பத்து அடிக்கு மேல் கம்பியே தெரியாது. ஆகவே நான் தூணில் காதை வைத்துக்கொள்வேன். சாக்கு கிளம்பினதும் தூணுக்குள் ஒரு தேனீ எழும். அது வண்டாகும். வண்டு பம்பரமாகும். பம்பரம் காதுக்குள் வந்து குத்தும்போது காதை எடுத்துவிட்டு கவைக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கடைசி அறுபது அடியில் கம்பி கொஞ்சம் மேல்நோக்கி ஏறும். சாக்கு வேகம் தணியும். அப்போது கவையைக் கொடுத்துத் தாங்கி, மானாப்புல் கட்டுகளில் மோதி நிற்க விட வேண்டும். தாங்கத் தவறினால் புல் கட்டையும் பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் அடிக்கும். என் இடது தோள் இன்றும் ஒரு பக்கம் சரிந்திருப்பது அந்த முதல் வருடத்துப் பாடம்.

கம்பி கொழுந்துக்காக வந்தது. மனிதர்கள் சும்மா இருப்பார்களா? கொழுந்துக்கு நடுவே எல்லாம் வரத் தொடங்கியது. மேற்கணக்கு மாமியார் கீழ்க்கணக்கு மருமகளுக்கு அனுப்பும் பலாக்கொட்டை. கல்யாண வெற்றிலை. தைக்கக் கொடுக்கும் ரவிக்கைத் துணி. ஒரு முறை ஒரு பூனைக்குட்டி, அது வந்திறங்கி மூன்று நாள் யாரையும் அண்டவிடவில்லை. ஒரு வருடம் கீழ்க்கணக்குக் கோயில் திருவிழாவுக்கு முந்தின நாள், அதற்கு நேர்ந்துவிட்ட ஆட்டை நடத்திக்கொண்டு வரச் சோம்பல்பட்டு, மேலே நாலு பேர் பந்தயம் கட்டி அதைச் சாக்கில் போட்டு அனுப்பிவிட்டார்கள். வேலாயுதம் அன்று இல்லை. வழக்கமான சாக்கு என்று நினைத்து நானும் ஒரு தட்டுத் தட்டினேன். பாதி வழியில் கம்பிச் சத்தத்துக்கு மேலே ஆட்டின் சத்தம் கேட்டது. லயமே வெளியே வந்து சிரித்தது. நானும் சிரித்தேன். சாக்கை அவிழ்த்தபோது சிரிப்பு நின்றது. முன்னங்கால் இரண்டும் உள்ளே மடிந்து ஒடிந்திருந்தன. கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது. அதுதான் பெரிய கொடுமை.

அதற்குப் பிறகு துரையின் உத்தரவு ஒரு பலகையில் எழுதித் தூணில் அடிக்கப்பட்டது. கொழுந்து தவிர எதுவும் வரக்கூடாது. ஆள் ஏறினால் வேலை போகும். பலாக்கொட்டையும் ரவிக்கைத் துணியும் நிற்கவில்லை. ஆடு நின்றது.

எனக்கு மேலே இருந்தவர் ராயப்பர் ஐயா. டீமேக்கர். ஸ்டோருக்குள் அவர் சொன்னதுதான் சொல். ஒல்லியான மனிதர், காக்கிக் கால்சட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில். ஒவ்வொரு சாக்கும் இறங்கியதும் வந்து நிற்பார். வாயைத் திறக்காமல் வலது கையை முழங்கை வரை கொழுந்துக்குள் விடுவார். கண்ணை மூடுவார். ஸ்டோரில் அதற்குள் வெப்பமானி வந்துவிட்டது. துரை அதைக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டியிருந்தார். ராயப்பர் ஐயா இரண்டையும் பார்ப்பார். முதலில் கை, அப்புறம் வெப்பமானி. இரண்டும் ஒத்துப்போனால் தலையை ஆட்டுவார். ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு சாக்கை அவிழ்க்கச் சொல்வார். "பொய் சொல்றது நானா அதுவான்னு பாக்கணும்ல" என்பார். என்னை எப்போதும் "டேய் கருப்பா" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் "நீங்க." அந்த "நீங்க"வைக் கேட்டால் ஸ்டோரில் இலை உருட்டும் உருளை சுற்றுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கம்பி எங்களுக்கு என்ன செய்தது என்று கேட்டால், நடையை எடுத்துக்கொண்டது என்பேன். அப்பாவைப் போல முழங்கால் போனவர்கள் அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் இல்லை. அது பெரிய காரியம். நான் அதை மறக்கவில்லை. ஆனால் எடுத்துக்கொண்ட நடைக்குப் பதிலாக ஓய்வு வரவில்லை. சுமக்கிற நேரம் மிச்சமானதும் அந்திக்கு இன்னொரு முறை பறிக்கச் சொன்னார்கள். கொழுந்து பச்சை மாறாமல் வந்தது, எங்கள் தோட்டத்துத் தேயிலைக்குக் கொழும்பில் நல்ல பேர் என்று துரை வந்து, ராயப்பர் ஐயாவின் கையைக் குலுக்கினார். இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. கொழுந்து போகாத பாதையை யாரும் வெட்டித் திருத்தவில்லை. ஓரம் இடிந்தது. பாலப் பலகை உளுத்தது. காடு இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. கொழுந்து ஆகாசத்தில் போய்விட்டது. மனிதர்களுக்கு அந்தப் பாதைதான்.

எனக்கு முப்பது வயது. ஐப்பசி மழை நிற்காமல் அடித்தது. செல்லாயி கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துத் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். மேற்கணக்கிலிருந்து வந்த ஒரு பெண் மாலையில் சொன்னாள்: "அண்ணே, ஒங்க தங்கச்சிக்கு நோவு கண்டிருச்சு. மருத்துவச்சி பக்கத்துலயே இருக்கு. விடிஞ்சா மாமனாகிருவீங்க." என் மனைவி வெல்லம் தட்டி வைத்தாள்.

அன்றிரவு மலை இறங்கியது. படுத்திருந்த எங்களுக்கு இடி போலத்தான் கேட்டது. விடிந்து பார்த்தபோது நடுப்பாதையில் ஒரு பனைமர நீளத்துக்கு மேல் மண் சரிந்து, பாதை இருந்த இடத்தில் சேறு ஓடிக்கொண்டிருந்தது. மேலே கம்பித் தூண் பாறையில் நின்றதால் அசையவில்லை. அன்று பெரட்டு இல்லை. பறிப்பு இல்லை. நான் சும்மா தூணருகே போனேன். கால் பழக்கம்.

கம்பியில் ஒரு தட்டு.

பறிப்பில்லாத நாளில் என்ன சாக்கு என்று நினைத்தேன். கை தானாக ஒன்று தட்டியது. தூணில் காதை வைத்தேன். தேனீ எழுந்தது. நனைந்த கம்பியில் சாக்கு எப்போதும் வேகமாக வரும். அன்று வந்த வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கவையைக் கொடுத்தேன். கவை முறிந்தது. சாக்கு புல் கட்டில் மோதித் திரும்பி ஆடி நின்றது. தாங்கப் போன என் உள்ளங்கை கிழிந்திருந்தது.

சாக்கின் அடியில் மண். நிறைய மண். ஒரு ஆள் கனம். அதற்கு மேலே கொழுந்தைப் பரப்பி, நடுவில் ஒரு சேலையைச் சுருட்டி வைத்திருந்தது. செல்லாயியின் கண்டாங்கி. நான் போன தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. சேலைக்குள் ஒரு புதுச் சட்டி. பிள்ளை பெற்றவளுக்கு மருந்து காய்ச்ச என்று சட்டிக்காரனிடம் அவளே தட்டிப் பார்த்து வாங்கி வைத்திருந்த சட்டி.

எழுதத் தெரியாத வேலாயுதம் எழுதியனுப்பியதை நான் படித்தேன். அவனுக்கு வேறு வழியில்லை. பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சியால் முடியவில்லை. பாதை இல்லை. டாக்டரையா கீழே. பதுளை ஆஸ்பத்திரிக்கு வண்டி கீழே. அவள் கனத்துக்கு மண், அவள் சேலை, அவள் சட்டி. சட்டி உடையாமல் வந்தால் அவளை அனுப்புகிறேன்.

நான் மூன்று தட்டினேன். வந்தது.

மேலிருந்து உடனே ஒரு தட்டு. அனுப்பலாமா.

ராயப்பர் ஐயா சத்தம் கேட்டு வந்திருந்தார். அவர் என்னையும் பார்க்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை. வழக்கம் போல முழங்கை வரை கையை விட்டார். மண்ணைத் தொட்டார். சேலையை விலக்கிச் சட்டியை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. விரல் முட்டியால் சுண்டினார். புதுச் சட்டி மணி போலச் சொல்ல வேண்டும். இது சொல்லவில்லை. மந்தமாக, மூடிய கதவைத் தட்டினது போல இருந்தது. இன்னொரு தரம் சுண்டினார். அதே சத்தம்.

"நனைஞ்சிருக்கு" என்றார். "நனைஞ்சாலும் இப்படித்தான் கேக்கும். கீறல் இருந்தாலும் இப்படித்தான் கேக்கும்."

கம்பியில் மறுபடி ஒரு தட்டு.

"ஐயா, நீங்க சொல்லுங்க" என்றேன்.

அவர் சட்டியை என் கையில் கொடுத்தார். "துரை உத்தரவு எனக்கும் தெரியும். அத இன்னைக்கு நான் பேசப் போறதில்ல. ஒன்னு தட்டுனாலும் சரி, ரெண்டு தட்டுனாலும் சரி, நான் தட்டச் சொன்னேன்னு இருக்கட்டும். ஆனா அவ உங்க தங்கச்சி. நீங்க சொல்லுங்க."

நீங்க என்றார். கோபத்தில் சொன்னது என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரும்புத் தடி என் கையில் இருந்தது. கிழிந்த உள்ளங்கையில் அது வழுக்கியது. எனக்கு ஆட்டின் கண் ஞாபகம் வந்தது. முறிந்து கிடந்த கவை கண்ணில் பட்டது. சட்டி முழுதாக இருந்தது. மேலே ஒருவன் காதைத் தூணில் வைத்துக்கொண்டு நிற்கிறான் என்பதும் தெரியும். என் மூச்சுகூட அவனுக்குக் கேட்டுவிடும் என்று தோன்றியது.

இரண்டு தட்டினேன்.

கம்பியில் மழை சொட்டும் சத்தம் மட்டும்.

பிறகு ஓடினோம். ராயப்பர் ஐயா முந்தின நாள் இலைக்கு ஓடிக்கொண்டிருந்த உருளைகளை நிறுத்திவிட்டு ஆட்களைக் கூட்டினார். கயிறு, மண்வெட்டி, டாக்டரையாவின் பெட்டி. டாக்டரையா உண்மையில் மருந்து கலக்கிக் கொடுப்பவர்தான், எங்களுக்கு அவர்தான் டாக்டர். வயதானவர். இரண்டு பேர் அவரைத் தூக்காத குறையாக ஏற்றினோம். சரிவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. அந்தப் பக்கம் அவர்களும் வந்திருந்தார்கள். செல்லாயியைக் கம்பளியில் கட்டித் தூக்கி வந்து, ஒரு மரத்தடியில் படங்கைப் பிடித்து மழை மறைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் சேறு. கூப்பிட்டால் கேட்கிற தூரம், ஆனால் தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. வேலாயுதம் எழுந்து நின்று என்னைப் பார்த்தான். நான் டாக்டரையாவைக் காட்டினேன். எங்கள் தலைக்கு நேர் மேலே கம்பி போய்க்கொண்டிருந்தது. அதில் நீர்த்துளிகள் வரிசையாக ஒன்றையொன்று துரத்திக்கொண்டு கீழே ஓடின.

கயிறு வீசி, மரத்தில் கட்டி, டாக்டரையாவை இடுப்பில் பிணைத்து அந்தப் பக்கம் இழுக்க வெகுநேரம் ஆனது. கழுத்துவரை சேறோடு அவர் போய் மண்டியிட்டார். செல்லாயியின் கையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு அதைக் கம்பளிக்குள் வைத்து மூடினார்.

பிள்ளையும் போய்விட்டது.

அவளை மேற்கணக்கிலேயே அடக்கம் செய்தோம். சேலையைக் கொடுத்துவிட்டேன். சட்டியைக் கொடுக்கவில்லை. வேலாயுதம் கேட்கவில்லை. இரண்டு தட்டு வந்தது, ஆகவே சட்டி உடைந்துவிட்டது. அவனுக்கு அது அப்படித்தான். அந்த நம்பிக்கையை நான் கலைக்கவில்லை. அவனுக்காகச் செய்தேனா, எனக்காகச் செய்தேனா? சட்டியை வீட்டுப் பரணில் கவிழ்த்து வைத்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒழுகினால் என் இரண்டு தட்டு சரி. ஒழுகாவிட்டால்? இருபத்திரண்டு வருடம் நான் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் வேலாயுதம் மேல்முனைக்குத் திரும்பினான். நானும் கீழ்முனைக்கு. வேறு என்ன செய்வது? ஒரு தட்டு, ஒரு தட்டு, மூன்று தட்டு. திருவிழாவில் பார்ப்போம், கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருவோம். "மழை எப்படி மச்சான்?" "கொழுந்து எப்படி மச்சான்?" அவன் மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. அவனோடு நான் அதிகம் பேசியது கம்பியில்தான். அவன் காய்ச்சலாக இருந்தால் தட்டில் தெரியும். குடித்திருந்தால் தெரியும். ஐப்பசியில் ஒரு நாள் அவன் தட்டு தயங்கி வரும். நானும் தயங்கித்தான் பதில் சொல்வேன்.

சில வருடம் கழித்து மேற்கணக்குக்கு டெலிபோன் போட்டார்கள். இன்றைக்கு எத்தனை சாக்கு என்று சொல்லத்தான். முதல் வாரமே மேலே ஒரு கிழவர் விழுந்து கால் ஒடிந்தபோது அதில்தான் செய்தி வந்தது. ராயப்பர் ஐயா காதுக் குழலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "டேய் கருப்பா" என்றார். "இது அன்னைக்கு இருந்திருந்தா நீயும் நானும் பேசியாவது இருக்கலாம்." வேலையிலிருந்து நின்று அவர் ஹல்துமுல்லைப் பக்கம் மகளோடு போய்விட்டார். போகிற அன்று என்னிடம் சொல்லிக்கொண்டபோது "வர்றேங்க" என்றார். அப்போதுதான் அந்த "நீங்க" எனக்குப் புரிந்தது.

இப்போது பதுளைக்கே ரயில் வந்துவிட்டது. இலையைச் சீக்கிரம் ஆக்கிச் சீக்கிரம் அனுப்ப வேண்டும், கம்பி போதாது என்று மேற்கணக்குக்கு லாரி ரோடு வெட்டினார்கள். சரிவு வந்த இடத்தில் கல் அடுக்கிச் சுவர் கட்டினார்கள். இந்த ரோடும் கொழுந்துக்காகத்தான் வந்தது. ஆனால் லாரியில் மனிதர்கள் ஏறிக்கொள்ளலாம். போன வாரம் காதர் சாக்குகளுக்கு நடுவே ஒரு பிள்ளைத்தாய்ச்சியை உட்கார வைத்து, வளைவுகளில் ஊர்ந்து ஊர்ந்து இறக்கி, நேராகப் பதுளை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விட்டான். திரும்பி வந்து துரையிடம் திட்டு வாங்கினான். "ஆம்பளப் புள்ளண்ணே" என்று என்னிடம் வந்து சொன்னான், திட்டு வாங்கிய முகத்தோடு சிரித்துக்கொண்டு. நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கம்பியை இறக்குவதற்கு முந்தின நாள் வேலாயுதம் லாரியில் வந்து என் வாசலில் இறங்கினான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என் மனைவி தேத்தண்ணீர் கொடுத்தாள். குடித்தான். ரயில் பற்றிப் பேசினான். இறங்கும்போது காதர் ஓட்டிய வேகம் பற்றிப் பேசினான். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்குக் கம்பி போயிரும் மச்சான்" என்றான்.

"ஆமா."

"அது இருக்கையிலயே ஒன்னு கேக்கணும். அந்தச் சட்டி எத்தன துண்டா ஒடஞ்சிருந்துச்சு?"

நான் எழுந்து போய்ப் பரணிலிருந்து எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தேன்.

அவன் தொடவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ராயப்பர் ஐயா சுண்டியது, அந்த மந்தச் சத்தம், கவை முறிந்தது, ஆட்டின் கண். தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன்.

"தண்ணி கொண்டா தங்கச்சி" என்றான் என் மனைவியிடம்.

சட்டியை மடியிலிருந்த துண்டின் மேல் வைத்து, அவனே ஊற்றினான். விளிம்பு வரை. இரண்டு பேரும் துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். வெயில் திண்ணைத் தூணிலிருந்து வாசற்படிக்கு நகர்ந்தது. அவன் துண்டைத் தடவிப் பார்த்தான். சட்டியின் அடியைத் தடவிப் பார்த்தான்.

"ஒழுகல" என்றான்.

நான் தலை குனிந்துகொண்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். அடித்தாலும் சரி என்றிருந்தது.

"சட்டி தாங்கிருச்சு மச்சான்" என்றான் மெதுவாக. "அவ தாங்கியிருப்பாளான்னு சட்டிக்கு என்ன தெரியும்? நான்தான் போயும் போயும் சட்டிகிட்டக் கேட்டேன்."

தண்ணீரை வாசல் தேயிலைச் செடிக்கு ஊற்றினான். சட்டியைத் துண்டில் சுற்றினான். "இது அவளோடது. நான் கொண்டுபோறேன்" என்றான். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை. காதர் ஹாரன் அடித்தான். மடியில் சட்டியை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, முன் சீட்டில் ஏறிப் போனான்.

லாரிச் சத்தம் வளைவுகளில் தேய்ந்தது. எனக்கு வீட்டுக்குள் போகப் பிடிக்கவில்லை. ஸ்டோர்ப் பக்கம் நடந்தேன். தூண் நின்றது. பலகையில் எழுத்து அழிந்திருந்தது. கால் பழக்கம், காது பழக்கம். தூணில் காதை வைத்தேன். காற்று மட்டும் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. கம்பியில் எதுவும் மேலே போனதில்லை. ஆகவே, வந்தது என்று மேலிருந்து எனக்கு யாரும் சொன்னதில்லை. முப்பத்துநாலு வருடமாக அதைச் சொன்னதெல்லாம் நான்தான்.

முக்கால் மணி நேரம் இருக்கும். தூணுக்குள் சத்தம் கேட்டது.

ஒன்று. இரண்டு. கொஞ்சம் தயங்கி, மூன்று.